அவர் பாடுகிற ஏரிப்பாட்டு

காலையில், "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டால் என் கணவர் இங்கிலீஷில் பாடுகிறார். ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல் வராது. வாய் ஒரு பக்கம் இழுத்தபடி, பார்வையை யன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு, ஒரு பெரிய ஏரியையும் பனிக்காலத்தையும் பற்றிய பழைய கன்ட்ரி பாட்டை முதல் வரியிலிருந்து தொடங்குவார். தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டார். பாட்டு முடியும்வரை நான் கேத்திலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது பகிடியாக இருக்கும். எனக்கும் முதல் கிழமை அப்படித்தான் இருந்தது. கல்யாணம் கட்டிய நாள்தொட்டு என்னுடன் எண்ணி எண்ணிக் கதைத்த மனிசன் கடைசியில் பாட்டுக்காரனாகிவிட்டார் என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. தமிழ் போனது, வேலையிடத்து இங்கிலீஷ் போனது, என் பெயரும் போனது. மிஞ்சியது இந்த ஒரு பாட்டுத்தான். வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண் அதற்கு விளக்கம் சொன்னாள். பேச்சு மூளையில் ஒரு பக்கம் இருக்கிறதாம், பாட்டுக்கு வேறு பக்கமும் உதவுகிறதாம். ஒன்று அடிபட்டாலும் மற்றது தப்பலாமாம். நீங்களும் சேர்ந்து பாடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு சொற்கள் திரும்பக்கூடும் என்றாள். எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாது என்றேன். இவ்வளவு காலம் உங்கள் கணவர் பாடியதல்லவா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அவருடைய பாட்டு அவருக்கு, என்னுடையது எனக்கு என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, வீட்டில் நீங்கள் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று விசாரித்தாள். தேவாரம் பாடுகிறவளும் கன்ட்ரி பாடுகிறவரும் ஒரே சமையலறையில் சண்டையில்லாமல் இருக்கலாம் என்பதை அவளுக்கு விளங்கப்படுத்த என்னிடம் மொழி இருக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவளுக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

அவருக்குப் பேச்சுத் திரும்ப வேண்டும் என்று நான் தவித்ததற்கு வேறு காரணம் இருந்தது. அவரிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எங்கள் மூத்த மகன் ரமணன் நாலு வயதில் வன்னியில் காய்ச்சலில் செத்துப்போனான். அப்போது இவர் இங்கே டொராண்டோவில் இருந்தார். பிள்ளை எப்படிச் செத்தான், கடைசியாக என்ன கேட்டான், எங்கே புதைத்தோம் என்று இந்த மனிசன் ஒருநாள்கூட என்னிடம் கேட்கவில்லை. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய ஒரே படத்தை நான் மாட்டியபோது, ஆணி அடித்துத் தந்தார். அவ்வளவுதான். பிள்ளையை நினைத்து இவருக்கு நெஞ்சு நொந்ததா, இல்லையா? எனக்கு அது தெரியவேண்டும். நாங்கள் இருவரும் போய்ச்சேருவதற்கு முன் தெரியவேண்டும்.

ரமணன் தவழத் தொடங்கிய காலத்தில் இவர் புறப்பட்டார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அழைத்த நேரத்துக்குப் போகவேண்டும் என்று அவசரமாகக் கொழும்புக்கு வெளிக்கிட்டார். நானும் பிள்ளையும் பிறகு வருவதாக ஏற்பாடு. அந்தப் பிறகு வருடங்களாக இழுபட்டது. இடையில் சண்டை வந்து, ஊரோடு சேர்ந்து நானும் பிள்ளையும் என் தம்பியும் மூட்டை கட்டிக்கொண்டு வன்னிக்குப் போனோம். அங்கே ஒரு குளத்தடியில் கொட்டில் போட்டு இருந்தோம். மலேரியாக் காய்ச்சல் வந்தது, மருந்து வரவில்லை. பிள்ளை போன செய்தி இவருக்கு வவுனியாவிலிருந்து யாரோ ஒருவர் ஃபோன் எடுத்துத்தான் போய்ச்சேர்ந்தது. அதற்குப் பிறகு என் குடிவரவுக் கடதாசிகள் சரிவந்து, ஒரு மாசி மாதத்தில் நான் மட்டும் டொராண்டோவில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் இவர் ஒரு தடித்த ஜக்கெட்டோடு நின்றார். அதை எனக்குப் போட்டுவிட்டு, சிப்பை மேலே இழுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் சோறும் மீன்குழம்பும் சொதியும் தானே சமைத்து வைத்திருந்ததைப் போட்டுத் தந்தார். நான் ஒரு வாய் வைத்ததும் கேட்டார்: "சொதிக்கு உப்புக் காணுமோ?"

நாலு வயதுப் பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவளிடம் ஒரு தகப்பன் கேட்ட முதல் கேள்வி அது. காணும், அளவாக இருக்கிறது என்று சொன்னேன். அந்த உப்பை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. பிறகு மகள் அபி பிறந்தாள், வீடு மாறினோம், அவர் பாத்திரம் கழுவுகிற வேலையிலிருந்து கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைக்குப் போனார், நான் லோண்டரிக்குப் போனேன். வாழ்க்கை தன்பாட்டில் நடந்தது. ஆனால் சொதி வைக்கும் நாட்களில் அவருக்கு முன்னால் உப்புப் போத்தலைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பேன். ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து இளந்தாரிமாருக்குக் கொழும்பு வானொலியின் இங்கிலீஷ் ஒலிபரப்பில் வரும் கன்ட்ரி பாட்டுகள் என்றால் உயிர். குதிரையே இல்லாத ஊரில் கௌபோய்த் தொப்பி போட்டுக்கொண்டு கிட்டார் தட்டித் திரிந்தவர்களில் இவரும் ஒருவர். இந்த ஏரிப்பாட்டை மட்டும் இங்கே வந்துதான் பிடித்தார். அவர் தனியாக இருந்த வருடங்களில், பாத்திரம் கழுவிய சாப்பாட்டுக் கடையின் சமையல்காரன் அந்தக் கசெட்டை அடிக்கடி போடுவானாம். பிறகு அது எங்கள் காருக்குள் வந்துவிட்டது. தாலாட்டுப் போல மெதுவாக ஆடி ஆடிப் போகும் மெட்டு. சொற்களில் லேக் வரும், ஐஸ் வரும், சப்பர் வரும். எனக்கு அது குடும்பமாக ஏரிக்கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற பாட்டு. வேறென்ன நினைக்க?

அப்படி நினைத்ததால்தான் அபி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் அதைப் போடுவித்தேன். எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் சாமத்தியவீடு செய்வதைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பெரிய மண்டபம், புகை கக்கும் மெசின், பல்லக்கு, பல்லக்குக்கு முன்னால் தட்டுத் தூக்கிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகள். மகள் மண்டபத்துக்குள் நுழையும்போது எந்தப் பாட்டுப் போடுவது என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போட்டி. எல்லாரும் சினிமாப் பாட்டுத்தானே போடுகிறார்கள், தகப்பனுக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் அவருக்குச் சந்தோசமாக இருக்கும் என்று கசெட்டைக் கொண்டுபோய் ஒலிபெருக்கிக்காரப் பொடியனிடம் கொடுத்தேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். "அன்ரி, ஷுவரா?" என்று கேட்டான். "ஓம் தம்பி, போடும்" என்றேன். அபி பல்லக்கில் வந்தாள். பாட்டுத் தொடங்கியது. இவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றவர், பாட்டு முடியுமுன் மாலையை என் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பக்கக் கதவால் வெளியே போய்விட்டார். கார் நிற்பாட்டும் இடத்தில் ஜக்கெட் இல்லாமல் நின்றவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். சனத்துக்கு முன்னால் என் மானம் போனது. வந்தவர்களில் இவருடைய தொழிற்சாலை சூப்பர்வைசரும் அவருடைய மனைவியும் மட்டும் வெள்ளைக்காரர். அந்த மனிசி முன்வரிசையில் இருந்து தேம்பித் தேம்பி அழுதது. எங்கள் கலாசாரத்தைப் பார்த்து உருகிவிட்டது என்று எல்லாரும் பெருமைப்பட்டோம். வீடியோக்காரரும் விடாமல் அதைப் படம் எடுத்தார்.

அந்த மனிசி ஏன் அழுதது என்பது எனக்கு இந்தப் பனிக்காலத்தில்தான் தெரியவந்தது. பேச்சுப் பயிற்சிக்காரி சேர்ந்து பாடச் சொன்னதால், அவர் பாடுவதை ஃபோனில் பதிந்து அபியிடம் முதலில் கேட்டேன். அபி பிக்கரிங்கில் இருக்கிறாள், இங்கே பிறந்தவள், ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கும். கேட்டுவிட்டு, "இட்ஸ் நத்திங் அம்மா. ஒருத்தன் வேலைக்குப் போறான், வீட்டை திரும்பி வாறான், சாப்பிடுறான். தட்ஸ் இட்" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. சொற்கள் அவ்வளவுதான்.

அடுத்த நாள் ஃபோனை வேலைக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி தோய்க்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மெசினுக்குள் அடங்காத பெரிய விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்து கையால் மடிக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு எட்டப் போய், உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து மூலைகளைச் சேர்ப்போம். எனக்கு எதிர்ப்பக்கம் பிடிப்பவள் டோரீன். கிழக்கே கேப் பிரிட்டன் தீவில் பிறந்து, கடலில் மீன் இல்லாமல் போனதால் டொராண்டோவுக்கு வந்தவள். அவளும் என்னைப்போல ஊரைவிட்டு வந்தவள்தான் என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. ஃபோனை மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டதும் அவள் விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "இது என் அப்பாவின் பாட்டு, ஹனி. குடித்தால் இதைத்தான் பாடுவார். யார் பாடுவது?" என்றாள். என் கணவர் என்றேன். கதையைச் சொல்லு என்று கேட்டேன்.

விரிப்பை மடிக்க மடிக்கச் சொன்னாள். ஏரிக்கு அக்கரையில் மரம் வெட்டுகிற முகாமுக்கு ஒருவன் வேலைக்குப் போகிறான். போகிற அன்று மேசையில் மூன்று தட்டு. அவனுக்கு, மனைவிக்கு, சின்ன மகளுக்கு. சாப்பிட்டுவிட்டுப் படகேறுகிறான். ஏரி பனிக்கட்டியாக இறுகட்டும், நடந்தே வந்துவிடுகிறேன் என்று கத்திச் சொல்கிறான். இரண்டாவது பகுதியில் அவன் முகாமில் இருக்கிறான். மற்றவர்கள் சீட்டாடும்போது இவன் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் செதுக்கி ஒரு கரண்டி செய்கிறான். சின்னக் கைக்கு அளவான கரண்டி. மூன்றாவது பகுதியில் ஏரி இறுகிவிட்டது. பனிக்கட்டிக்கு மேலால் நடந்து வருகிறான். மனைவி வாசலில் நிற்கிறாள். உள்ளே வா, சாப்பாடு ஆறுகிறது என்கிறாள். மேசையில் இரண்டு தட்டு இருக்கிறது. அவன் கரண்டியைக் காற்சட்டையின் பின்பக்கப் பைக்குள் வைத்துவிட்டு உட்காருகிறான். சூப் நன்றாக இருக்கிறது என்கிறான்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு இல்லை. அதோடு பாட்டு முடிகிறது" என்றாள் டோரீன்.

பிள்ளை என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்துவிட்டுத்தான் தட்டுகளை எண்ணினேன். பாட்டு முழுக்கச் சாவு என்று ஒரு சொல் இல்லை, அழுகை என்று ஒரு சொல் இல்லை. எங்கள் ஒப்பாரியில் எல்லாவற்றையும் சொல்லி அழுவோம். பிள்ளை உடுத்த உடுப்பைச் சொல்லுவோம், விளையாடிய இடத்தைச் சொல்லுவோம், கடவுளைப் பேர் சொல்லித் திட்டுவோம். இந்த நாட்டு ஆட்கள் சாப்பாட்டுத் தட்டைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். கேட்கிறவன்தான் மிச்சத்தை நினைத்து அழவேண்டும். அபிக்கு விளங்காததும் அதனால்தான். அவளுக்கு மொழி தெரியும், தட்டு எண்ணத் தெரியாது. டோரீன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்து மூலைகளை என் கையில் தந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். என் கையில் விரிப்பு இருந்தபடியால் எனக்குத் திருப்பிப் பிடிக்க முடியவில்லை.

ஆறுதல் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் கோபம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பாட்டுக்காரனுக்குத் தெரிந்ததை, இந்த மனிசன் பெண்சாதியிடம் ஒருமுறை சொல்லியிருக்கக் கூடாதா? பாட்டில் வருகிறவன் போனது ஒரு பனிக்காலத்துக்கு. இவர் போனது வருடக்கணக்கில். அங்கே ஏரி இறுகிவிடும், நடந்து வரலாம். இந்து சமுத்திரம் எந்தக் காலத்தில் இறுகியது? வீட்டுக்கு வந்து, அவர் நித்திரையாக இருந்த மத்தியானத்தில், அலுமாரியையும் கட்டடத்தின் கீழே சாமான் போட்டு வைக்கும் லொக்கரையும் கிளறினேன். அந்தக் கரண்டியைப்போல ஏதாவது வைத்திருப்பாரோ என்று ஒரு நப்பாசை. ஒரு சின்னச் சட்டை, ஒரு விளையாட்டுச் சாமான், ஏதாவது. பழைய சப்பாத்துகளும் உடைந்த ஃபானும்தான் இருந்தன. பாட்டில் நடப்பது வீட்டில் நடப்பதில்லை. தூசியைத் தட்டிவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் அந்தச் சாமத்தியவீட்டு நினைவு வந்தது. மகளைப் பல்லக்கில் கொண்டுவரும்போது, ஒலிபெருக்கியில் அந்தத் தட்டுகளைப் போடுவித்தவள் நான். குளிருக்குள் ஜக்கெட் இல்லாமல் போய் நின்ற மனிசனைச் சனத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்தோம். என் கேள்விக்கு அன்றைக்கே அவர் பதில் சொல்லியிருக்கிறார். அவர் நித்திரையில் இருந்தார், நான் அவருடைய வழங்காத வலது கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

போன சனிக்கிழமை நான் சமையலை முடித்துவிட்டு அவரை மேசையடியில் இருத்தினேன். அபி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், இன்னும் வரவில்லை. இவர் பாடத் தொடங்கினார். முடியும்வரை இருந்தேன். பிறகு சொன்னேன்: "இஞ்சருங்கோ, பாட்டு எனக்கு விளங்கீற்றுது. இனி நான் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ."

நான் பாட்டுக்காரன் மாதிரிச் சொல்லாமல் விடவில்லை. எங்கள் ஆட்களின் வழக்கப்படி எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டிலைச் சொன்னேன், குளத்தைச் சொன்னேன், நெற்றியில் போட்ட ஈரத்துணி உடனே காய்ந்ததைச் சொன்னேன். இவ்வளவு காலமும் அவர் கேட்காததால் நான் எனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த ஒன்றையும் சொன்னேன். "பிளேன் சத்தம் கேட்டால் மற்றப் பிள்ளையள் எல்லாம் பங்கருக்குள்ள ஓடுங்கள். உங்கட மகன் முற்றத்துக்கு ஓடுவான். அப்பா வாறார், அப்பா வாறார் எண்டு மேலை பாத்துக் கையைக் காட்டுவான். நான்தான் கதறிக்கொண்டு போய் இழுத்துக்கொண்டு வருவன். அப்பா பிளேனிலை போனவர் எண்டு நான் சொல்லிக் குடுத்தது. குண்டு போடுற பிளேன் வேறை எண்டு அவனுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை."

அவருடைய வாய் திறந்தது. பாட்டு வரப்போகிறது என்று பயந்தேன். வரவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அது எந்த மொழியும் இல்லை. கண்ணீர் தாடைவரை வடிந்தது. இடது கையால் மேசையைத் தட்டினார். தட்டிவிட்டு உள்ளங்கையை மேலே விரித்து என்னைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார், மறுபடியும் விரித்தார். எங்கே என்று கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவர் கேட்டுவிட்டார்.

மேசையில் கிடந்ததை வைத்து இடத்தைக் காட்டினேன். தண்ணீர்க் கிளாஸை நடுவில் வைத்து, இது குளம் என்றேன். அதற்குப் பக்கத்தில் அகப்பையைக் குறுக்கே வைத்து, இது குளக்கட்டு என்றேன். மருந்துப் பெட்டி பள்ளிக்கூடம். கண்ணாடிக்கூடு எங்கள் கொட்டில். இந்த வழியால்தான் என் தம்பி அவனைத் தூக்கிக்கொண்டு போனவன் என்று விரலால் இழுத்துக் காட்டினேன். கட்டுக்குக் கீழே ஒரு பாலைமரம் நின்றது. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, ஆதலால் அந்த நிழலில்தான் வைத்தோம். "இஞ்சைதான்" என்று தொட்டேன். அவர் தன் கையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் குப்புற வைத்தார்.

அபி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஐ'ம் ஸோ ஹங்ரி அம்மா" என்று ஜக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு மேசையை ஒதுக்க வந்தாள். அகப்பையில் கை வைத்தாள்.

"உதை எடாதை பிள்ளை. உது குளக்கட்டு."

"வாட்?"

"உன்ர அண்ணை உங்கைதான் இருக்கிறான். அப்பா கை வைச்சிருக்கிற இடத்திலை."

அபி என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். தட்டுகளை மெதுவாகக் கதிரையில் வைத்துவிட்டு, எதையும் தொடாமல் மேசையைச் சுற்றிவந்து நின்று பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். இது என்ன, இது என்ன என்று. நான் சொன்னேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் சோபாவில் இருந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். இவருக்கு வலது கை வழங்காது. இடது கையை மேசையிலிருந்து தூக்கப் பார்த்தேன், விடவில்லை. நான் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சோற்றைப் பருப்போடு குழைத்து அவருக்குத் தீத்தினேன். பசித்த மனிசன் வாயைத் திறந்து திறந்து வாங்கினார். கை அங்கேயே இருந்தது.